தேய்த்துப் பதிக்கும் எழுத்தும் தமிழ் எழுத்துருவும்

லண்டனில் 1959இல் தோன்றிய லெட்ராசெட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் உலர்முறை எழுத்துத் தாளை வெளியிட்டது. ஒளிபுகும் தாளின் அடிப்புறத்தில் அச்சிடப்பட்ட எழுத்தை வேண்டிய இடத்தில் வைத்து மேற்புறம் தேய்த்தால், எழுத்து பெயர்ந்து கீழுள்ள அட்டையில் ஒட்டிக்கொள்ளும். அச்சுக்கோப்பவரின் துணையின்றி ஓவியரே தலைப்பை அமைக்க இது வழிசெய்தது. எழுத்துகளின் இடைவெளியை உலோக அச்சின் உடல் வரையறுத்த நிலை மாறி, கண்ணே அளவுகோலாயிற்று. இந்நிறுவனத்திற்காகப் பிரெட் லாம்பர்ட் 1963இல் வரைந்த கம்பாக்டா பின்னர்க் கணினி எழுத்துருவாகவும் வழங்கிற்று. 1980களின் நடுவில் கணினிவழிப் பக்க அமைப்புப் பரவவே எழுத்துத் தாள் வழக்கொழியலாயிற்று.

இம்முறையில் எழுத்து என்பது வடிவம் மட்டுமே. பதிப்பவர் வடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்குகிறார். உரோமன் எழுத்தில் இதனால் சிக்கல் எழுவதில்லை. தமிழிலோ 'கெ' என்பதில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்க, வடிவில் கொம்பு முந்துகிறது. 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. தமிழ்த் தட்டச்சுப்பொறியும் கொம்பையே முதலில் அடிக்கச் செய்தது. 1990களின் தமிழ் எழுத்துருக்கள் பலவும், சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான டாம், டாப் குறியீடுகளும் வடிவ வரிசையையே கொண்டன.

இதற்கு மாற்றான நெறி வளர்ந்த இடங்களுள் புணே ஒன்று. இன்று ஹிஞ்சேவாடியின் மென்பொருள் வளாகங்களால் அறியப்படும் அந்நகரில் 1988இல் சி-டாக் நிறுவப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஜிஸ்ட் தொழில்நுட்பம் அங்கு வளர்ச்சி பெற்றது. 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்ட இஸ்கி குறியீடு, மெய்க்குப் பின் உயிர்க்குறி என ஒலிப்பு வரிசையில் எழுத்தைச் சேமித்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியும் இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியதே. கொம்பை முன்னே காட்டுவது மென்பொருளின் பணியாயிற்று.

இவ்வேறுபாடு மொழியாய்வைப் பெரிதும் பாதிப்பதாகும். வடிவ வரிசையில் அமைந்த பழைய கோப்பை அவ்வாறே அகரவரிசைப்படுத்தினால் 'கெடு', 'செடி', 'பெண்' ஆகியன கொம்பின்கீழ் ஓரிடத்தில் சேரும். 'கல்', 'கெடு' ஆகியன பிரிந்துவிடும். சொல்லடைவு பிழைபடும். மொழிபெயர்ப்பாளர் தம் பழைய கலைச்சொற் பட்டியலில் ஒரு சொல்லைத் தேடினும் கிட்டாது. எனவே, அக்கோப்புகளைத் தரவகத்தில் சேர்க்குமுன் குறியீடு மாற்றுவதோடு வரிசையையும் மாற்றுதல் இன்றியமையாதது.

எழுத்துத் தாள் விட்டுச்சென்ற இடைவெளி நுட்பம் எழுத்துரு வரைவோர்க்கு இன்றும் வேண்டற்பாலது. எழுத்தின் வரிசையைத் தீர்மானிப்பதோ மொழியமைப்பேயாகும்.