வெள்ளம் புகுந்த கார் கொட்டகையைக் கைத்தொழில் கூடமாக மாற்றுவது எப்படி?

சுங்காய், பீடோர், சிலிம் ரீவர் வட்டாரங்கள் தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளன. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் பெய்யும் இடிமழை சிறிது நேரத்திலேயே கால்வாய்களை நிரப்பிவிடும். தாமான் வீடுகளில் தண்ணீர் முதலில் ஏறுவது பெரும்பாலும் கார் கொட்டகையில்தான்.

2021ஆம் ஆண்டு வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 160 கோடி வெள்ளி குடியிருப்புகளுக்கு ஏற்பட்ட சேதம். வீட்டிலேயே துணி தைப்பவர்கள், மாலை கட்டுபவர்கள், ஓவியம் வரைபவர்கள், உறுமி மேளம் பழகும் இளைஞர்கள் ஆகியோருக்குக் கார் கொட்டகை நல்ல வேலையிடம் ஆகும். ஆனால் ஒருமுறை நனைந்த இடத்தை முறையாகச் சீர்செய்யாமல் தையல் இயந்திரத்தையோ மேளத்தையோ கொண்டுபோய் வைத்தால், அடுத்த மழையில் முதலீடும் பிழைப்பும் சேர்ந்தே போகும்.

முதலில் மின்சாரம்

தண்ணீர் தேங்கியிருக்கும்போது சுவிட்சைத் தொடக்கூடாது. மெயின் சுவிட்ச் பெட்டி நனையாமலும், நீங்கள் நிற்கும் இடம் காய்ந்தும் இருந்தால் மட்டுமே அதை அணைக்கலாம். இல்லையென்றால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழையுங்கள். நனைந்த பிளக் பாயின்டுகளையும் வயர்களையும், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். புதிய பிளக் பாயின்டுகளைப் பழைய தண்ணீர்க் கோட்டுக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள். மின்கசிவு துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கட்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

48 மணி நேரம் முக்கியம்

நனைந்த பொருள்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெருந்தொல்லை. ஊறிய ஜிப்சம் பலகை, மெத்தை, கம்பளம், அட்டைப் பெட்டி ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். வெள்ளநீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். எனவே ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தை வினிகருடனோ அமோனியா கலந்த சோப்புடனோ சேர்க்கக்கூடாது. அப்படிச் சேர்த்தால் நச்சு வாயு வெளிவரும்.

காப்புறுதி வைத்திருப்பவர்கள், எதையும் வீசுவதற்கு முன் படம் எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அடிப்படைத் தீ காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்காது. அதற்குக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

கூரை ஒழுகுகிறதா, வெளியிலிருந்து புகுகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடிக்காமல் சாயம் அடிப்பது வீண். காய்ந்த தரையில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. சுவரில் பூக்கும் வெள்ளை உப்பும் ஈரத்தின் அடையாளமே. சுவர் முழுவதும் காயும் வரை சாயத்துக்குக் காத்திருங்கள்.

கூடத்தை அமைக்கும்போது

தரைக்கு ஓடு போதும். மரப்பலகையும் கம்பளமும் வேண்டாம். அலமாரிகளைக் கால் வைத்து உயர்த்துங்கள். துணி, தாள், இசைக்கருவி போன்றவை மேல் தட்டில் இருக்கட்டும். எதிரெதிரே இரண்டு காற்றுவழிகள் தேவை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் பூஞ்சணம் அடங்கும். அதை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும். துத்தநாகக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்புத் தாள் போட்டால் வெயிலின் சூடு குறையும். பெட்ரோலையும் எரிவாயு உருளையையும் அறைக்குள் வைக்காதீர்கள். மேளப் பயிற்சி என்றால் அண்டை வீட்டாரிடம் நேரத்தை முன்பே பேசி வைப்பது நல்லது.

அனுமதியும் பதிவும்

சுத்தம் செய்வதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் சுவர் எழுப்புவது, கூரையை நீட்டுவது போன்ற வேலைகள் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஊராட்சி மன்றத்தில் விண்ணப்பித்த பிறகே அவற்றைத் தொடங்க வேண்டும். வீட்டு முன்கால்வாயை மூடிக் கட்டினால், தண்ணீர் மறுபடியும் உங்கள் வீட்டுக்கே வரும். தையலையோ வேறு கைத்தொழிலையோ வியாபாரமாக நடத்துவோர், தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டில் தொழில் நடத்த உரிமம் தேவையா என்பதையும் ஊராட்சி மன்றத்தில் அப்போதே கேட்டுவிடலாம்.

பணம் குறைவாக இருந்தால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: மின்சாரம், வடிகால், கூரை, தரை, அதன் பிறகே சாயமும் மேசையும். விலை உயர்ந்த இயந்திரத்தை உள்ளே கொண்டுவருவதற்கு முன், ஒரு கனமழை பெய்யும் வரை பொறுத்திருந்து பாருங்கள். தரை காய்ந்தே இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.