கடுக்காய் வந்த வழி

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மலருக்குப் பழைய விஷயம் ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. எங்க கொல்லிமலை அடிவாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற கடுக்காயைப் பற்றி எழுதுகிறேன்.

வயிறு உப்புசம், மலச்சிக்கல், சாப்பிட்டது செரிக்கலை என்றால் எங்க அம்மாயி முதலில் தேடுவது கடுக்காய்த் தூளைத்தான். காயைத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, துணியில் சலித்து வைப்பாங்க. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை ஸ்பூன் தூளை வெந்நீரில் கலந்து குடிக்கணும். சுக்குக்கு மேல்தோலும் கடுக்காய்க்கு உள்கொட்டையும் ஆகாது என்பது அவங்க சொல்லித் தந்த முதல் பாடம். உப்பு தவிர மற்ற ஐந்து சுவையும் இதில் உண்டு என்று சித்த வைத்தியத்தில் சொல்வாங்க. நாக்குக்கு என்னவோ துவர்ப்புதான் தெரியும். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்தால் இதுவே திரிபலா.

இது நேற்று வந்த மருந்து இல்லை. புத்தர் துறவிகளுக்கு மருந்தாக அனுமதித்த காய்களில் இந்த மூன்றும் உண்டு என்று பௌத்தர்களின் விநய நூல் சொல்கிறது. மயிலாடுதுறை பக்கம் திருக்குறுக்கை சிவன் கோயிலில் தலமரமே கடுக்காய் மரம்தான். பிள்ளை பெற்ற வீட்டில் கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்பு எல்லாம் கல்லில் உரசி உரைமருந்து கொடுத்தது பாட்டிமார்கள். எத்தனை உரசு உரசணும் என்கிற கணக்கு ஏட்டில் இல்லை, அவங்க கையில்தான் இருந்தது.

வயிற்றுக்கு மட்டுமா? பழைய காரைவீடு கட்ட, சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்தாங்க. துணியில் சாயம் பிடிக்கவும், தோல் பதனிடவும் கடுக்காய் வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது தோல் பதனிடத்தான்.

அங்கேதான் கதை மாறுது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு காடுகள் பலவும் அரசாங்கத்தின் கைக்குப் போச்சு. காய் பொறுக்கும் உரிமை குத்தகைக்காரருக்குப் போனது. மரத்தடியில் குனிந்து பொறுக்கி, காயவைத்து, தலைச்சுமையாக இறக்கிய மலைப் பெண்களுக்குக் கூலிதான் மிச்சம். ஏமாற்றுவதை நாம் ‘கடுக்காய் கொடுப்பது’ என்கிறோம். நிஜமான கடுக்காயைக் கொடுத்தவங்களுக்கே கடுக்காய் கொடுத்துட்டாங்க! 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம்தான் சிறு வன மகசூல் அங்கே வாழும் மக்களுக்குச் சொந்தம் என்று எழுதி வைத்தது.

நம்ம தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கினபோது, பெண்கள் கையில் சேமிப்புப் புத்தகம் வந்தது. இன்றைக்குப் பல குழுக்கள் மூலிகைப் பொடியும் விற்கிறோம். அதனால் இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒன்று, பொடியைச் சரியாகச் செய்யணும். எடைக்காகக் கொட்டையையும் சேர்த்து அரைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று பொட்டலத்தில் எழுதணும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்று நர்ஸம்மா சொல்வதை உரைமருந்துக்காக மீற வேண்டாம். வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, கடுக்காயை நம்பி நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அம்மாயி இருந்தாலும் அதைத்தான் சொல்வாங்க.

இன்னொன்று, காயை வியாபாரியிடம் வாங்காமல் மலைமேல் இருக்கும் குழுக்களிடமே நேராக வாங்குவோம். தராசை அவங்க முன்னாலேயே பிடிப்போம், அன்றைக்கே பணம் கொடுப்போம். பொறுக்குகிறவங்களும் பெண்கள், இடிக்கிறவங்களும் பெண்கள். லாபமும் அவங்க இரண்டு பேருக்குள்ளே பங்காகட்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி நம்ம கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறேன்.