நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள்

பழைய அமெரிக்கக் கொடியைப் பார்த்தால் நான் முதலில் நட்சத்திரங்களை எண்ணுவேன். ஒரு மாநிலத்துக்கு ஒரு நட்சத்திரம் என்பதால், எண்ணிக்கையை வைத்தே கொடியின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அவற்றை எப்படி அடுக்குவது என்று 1777-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. அதனால் தைத்தவர்கள் வட்டமாகவும் வரிசையாகவும், ஒரே பெரிய நட்சத்திரம் போலவும் வைத்தார்கள். 1912-இல்தான் அதிபர் டாஃப்ட் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தார்.

நான் தேடிக்கொண்டிருப்பது 34 நட்சத்திரக் கொடி. 1861 ஜூலைக்குள் 11 தென் மாநிலங்கள் பிரிந்து, உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. ஆனாலும் அவற்றின் நட்சத்திரங்களை லிங்கன் எடுக்கவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த கான்சாஸுக்கும் ஒரு நட்சத்திரம் வந்தது.

எதிரே நின்று சுட்டவர்களுக்கும் அந்தக் கொடியில் இடம் இருந்தது. எண்ணினால்தான் அது தெரியும்.