தானே புயல் தந்த கட்டை



2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் நம் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது நினைவிருக்கும். சில நாள் கழித்து வீராம்பட்டினம் கரையில் முழ நீளக் கட்டை ஒன்றைப் பொறுக்கி வந்தேன். கடல் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. ஆங்காங்கே ஊசித் துளைகள். நாரால் தேய்த்துக் கழுவி, அன்றே பேரனின் மீன் தொட்டியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி நாறியது. இரண்டு தங்கமீன்களும் செத்து மிதந்தன.

"நீங்கதானே வச்சீங்க தாத்தா" என்றான். அதற்கு மேல் பேசவில்லை.

கட்டையைப் பிளந்தேன். வெளியே ஊசித் துளை. உள்ளே விரல் நுழையும் சுரங்கங்கள், சுண்ணாம்பு பூசியது போன்ற உறை, அழுகிய சதை. பள்ளியில் பிரெஞ்சில் படித்த 'தாரே' நினைவுக்கு வந்தது. கப்பல் புழு! பெயர்தான் புழு, உண்மையில் மட்டி இனம். குஞ்சாக நுழைந்து, மரத்தைத் தின்று, உள்ளேயே வளரும்.

எங்கள் அலுவலகக் கோப்புகளுக்குக் கறையான் செய்ததை, இது சரித்திரத்துக்கே செய்திருக்கிறது. கொலம்பஸின் நான்காம் பயணத்தில் கப்பல்கள் சல்லடையாகி, 1503-இல் ஜமைக்காவில் கரைதட்ட வைத்து, ஓராண்டு அங்கேயே கிடந்தார். 1731-இல் ஹாலந்தின் கடலணைகளைக் காத்த மர முளைகள் உள்ளுக்குள் கூடாகிப் போயிருந்தது தெரிந்து நாடே நடுங்கியது. பிறகு வெளிநாட்டிலிருந்து கல் வரவழைத்து அணைகளுக்குப் போட்டார்கள். இது மட்டி இனம்தான் என்று செல்லியஸ் 1733-இல் நூலே எழுதினார். நானோ மேல்தோலைப் பார்த்து ஏமாந்தேன்.

அடுத்த கட்டையைப் பார்த்துப் பொறுக்கினேன். துளை, பெயின்ட், தார், ஆணி எதுவும் இருக்கக்கூடாது. இற்ற பகுதியைச் செதுக்கி, பிரஷ்ஷால் தேய்த்தேன். சோப்பு தொடவே கூடாது. அண்டாவில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டதும் தண்ணீர் கடுங்காப்பி நிறமானது. பிறகு கல்லைக் கட்டி சிமெண்ட் தொட்டியில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீர் மாற்றினேன். ஒன்றரை மாதம்! கடலுப்பு இறங்கவும், கட்டை கனத்துத் தானே மூழ்கவும் அவ்வளவு ஆயிற்று. பின்னும் லேசாகப் பழுப்பு கசிந்தால் அது மரத்தின் துவர்ப்புச் சத்து, மீனுக்குக் கெடுதலில்லை.

பேரன் கட்டையை முகர்ந்து பார்த்து, அவனே தொட்டியில் வைத்தான். மீன் வாங்க என்னைக் கூப்பிட்டது இன்னும் பத்து நாள் கழித்துத்தான்.