மூக்குச் சதையும் செக்‌ஷன் மாறிய ஃபைலும்

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்ற பேச்சை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். பெரும்பாலும் அது சாதாரணச் சதைதான். ஆனால் ஏரி, குளத்தில் முங்கிக் குளிப்பவர்களுக்கு அபூர்வமாக வரும் ஒரு வகை உண்டு. ஸ்ட்ராபெர்ரி பழம் போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகள் தூவியதுபோல் இருக்கும். லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். சிலருக்குக் கண்ணிலும் தொண்டையிலும்கூட வளர்வதுண்டு.

இதன் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். பிரெஞ்சுப் பள்ளியில் காண்டாமிருகத்தை 'ரினோசெரோஸ்' என்று படித்தவன் நான். அந்த 'ரினோ'தான் இங்கும். கிரேக்க மொழியில் மூக்கு.

1900-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில், கில்லர்மோ சீபர் என்பவர் தம் மருத்துவப் பட்ட ஆய்வேட்டில் இதை விவரித்தார். புரோட்டோசோவா வகை ஒட்டுண்ணி என்று நினைத்தார். 1903-ல் கல்கத்தாவில் ஓ'கினீலி என்ற மருத்துவர் இதே நோயைப் பதிவு செய்தார். 1923-ல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் அந்தக் கிருமியின் வளர்ச்சியைப் படிப்படியாக ஆராய்ந்து, "இது பூஞ்சை" என்று எழுதினார். பாடப்புத்தகங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டன.

அலுவலகத்தில் ஒரு ஃபைல் தவறான செக்‌ஷனுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கிடந்த இடத்திலேயே கிடக்கும். இதுவும் 76 ஆண்டுகள் அப்படிக் கிடந்தது. மற்றப் பூஞ்சைகளைப் போல ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப் பார்த்தார்கள், வளரவில்லை. பூஞ்சை மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை.

1999-ல் அமெரிக்க ஆய்வாளர்களும் இலங்கை பேராதனைப் பேராசிரியர் அர்செகுலரத்னவும் சேர்ந்த குழு மரபணுவைச் சோதித்தது. இது பூஞ்சையே அல்ல, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு என்று தெரியவந்தது. குளத்துக்கும் மூக்குக்கும் உள்ள தொடர்பு அப்போது இன்னும் தெளிவாகப் புரிந்தது.

இந்நோய் அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். ஆடுமாடு இறங்கும் குளத்தைத் தவிர வேறு குளியலறை இல்லாதவர்களும், தண்ணீரில் முங்கி மணல் அள்ளுபவர்களும்தான் பெரும்பாலும் அவதிப்பட்டார்கள்.

சிகிச்சை இன்றும் அறுவைதான். சதையை எடுத்து, அடிப்பகுதியில் மின்சூடு வைப்பார்கள். அப்படியும் சிலருக்குத் திரும்ப வளரும். ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றுவதில்லை. ஆகையால் யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். குளத்தில் குளிக்கும் பேரப்பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கு அடைத்து, அடிக்கடி ரத்தம் வந்தால், "சூடு" என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குளத்தில் குளிக்கும் பழக்கத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.