துறைமுகத்துக்கு முந்திய விளக்கு: சென்னைக் கலங்கரை விளக்கங்களின் இடமாற்றம் குறித்து

சென்னைக் கலங்கரை விளக்கங்களின் வரலாறு பெரும்பாலும் எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு வந்த கதையாகவே எழுதப்படுகிறது. 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையின் வணிகக் கூடத்து மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. அக்கட்டடமே இன்றைய கோட்டை அருங்காட்சியகம். 1844-இல் கோட்டைக்கு வடக்கே டோரிக் பாணிக் கருங்கல் தூணுக்கும், 1894-இல் உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கும், 1977-இல் மெரினாவுக்கும் விளக்கு இடம்பெயர்ந்தது. வரிசை சரியானதே. ஆனால் விளக்கு யாருக்காக எரிந்தது என்பது அதில் விளங்குவதில்லை. துறைமுகத்தின் துணைக்கருவியாக அன்றி, துறைமுகமே இல்லாத கரையின் குறையை ஈடுசெய்யவே அது எழுந்தது என்பதும், துறைமுகம் வந்த பின்னும் அப்பணி மாறவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆண்டுக் கணக்கே முதற் சான்று. சென்னைத் துறைமுகத்துக்கு 1875-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் முன்பே விளக்கு எரிந்தது. அதுவரை கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரையேறின. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள் என்பதால், அலை மோதும்போது அப்படகுகள் உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. நிலத்தின் அமைப்பு இரண்டாம் சான்று. சோழமண்டலக் கரை தாழ்ந்தது; கடலுக்குள் நீளும் முனையோ கரையோர மலையோ சென்னையருகே இல்லை. பரங்கிமலை உள்நாட்டில், அதுவும் சிறு குன்றாக, நிற்கிறது. இரவில் வரும் மாலுமிக்கு முதற் கேள்வி எந்த வாயிலில் நுழைவது என்பதன்று, நெடுங்கரையில் சென்னை எது என்பதே.

துறைமுகம் உருவானதும் விளக்கு அதன் உறுப்பாகிவிட்டது என்று மறுக்கலாம். இடமாற்றங்கள் அதற்கு இடந்தரவில்லை. 1881 புயலில் சிதைந்த அலைதடுப்புச் சுவர்கள் மீண்டும் எழுந்த பின்னும், 1894-இல் விளக்கு சென்ற இடம் துறைமுகச் சுவரன்று, உயரமான நீதிமன்றக் கோபுரம். 1977-இல் அது துறைமுகத்தை விட்டு இன்னும் தெற்கே விலகியது. இருக்கும் கட்டடத்தைப் பயன்படுத்திய சிக்கனமே காரணம் என்பது இரண்டாம் மறுப்பு. 1796, 1894 ஆகியவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். விளக்குக்கென்றே எழுப்பிய 1844-ஆம் ஆண்டுத் தூணுக்கும் மெரினாக் கோபுரத்துக்கும் பொருந்தாது. நான்குக்கும் பொதுவானவை உயரமும் கடல்நோக்கிய திறந்த பார்வையுமே.

‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லில் ‘கரை’ என்பதைக் கடற்கரை என்றே பலரும் கொள்கிறோம். காகம் கரைகிறது என்பதில் உள்ள கரைதலே அது. கலங்களை அழைக்கும் விளக்கம் என்பதே பொருள். துறைமுகம் இல்லாத கரையும் கலங்களை அழைக்கலாம். சென்னை அப்படித்தான் அழைத்தது. நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூணை அவ்வளாகத்தின் அணிகலனாகக் கருதுவது தவறு. துறைமுகமின்றி வணிகம் நடத்திய நகரின் முதன்மையான கடல்சார் ஆவணம் அது. அந்தத் தகுதியோடே அது காக்கப்பட வேண்டும்.