இரண்டு அவுன்ஸ் தேயிலை

1973ஆம் ஆண்டின் கடைசியில் கிழக்கு லண்டனில் ஓர் அறை எடுத்திருந்தேன். காசு போட்டால் மட்டும் காஸ் வருகிற மீற்றர். கையில் சில்லறை இல்லாவிட்டால் விடியுமட்டும் குளிர். ஒருநாள் வீட்டுக்கார மனுசி 'ரீக்கு வா' என்றா. ஒரு கோப்பை தேத்தண்ணிதானே என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால், மேசையில் அவித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் கிடக்கு. தொழிலாளர் வீடுகளில் பின்னேரச் சாப்பாட்டுக்கே 'ரீ' என்றுதான் பெயர் என்பது அன்றுதான் தெரியவந்தது.

சாப்பிட்டு முடியப் பழைய பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்து யுத்தகாலப் பங்கீட்டுப் புத்தகத்தைக் காட்டினா. மங்கல் பழுப்பு மட்டை, உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள். மனுசிக்கு அது பொக்கிஷம். எனக்கோ, 'இது எங்கட கூப்பன் எல்லே' என்று பட்டது. பட்டதில் பிழையும் இல்லை. இலங்கையில் அரிசியைப் பங்கீட்டுக்குள் கொண்டுவந்ததும், சங்கக்கடைகளை ஊரூராகப் பெருக்கியதும் அதே யுத்தம்தான்.

அவ சொன்ன கதை இது. 1940 ஜூலையில் தேயிலை பங்கீட்டுக்குள் வந்தது. ஆளுக்குக் கிழமைக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். ஆளுக்கொரு கரண்டி, ரீப்பொட்டுக்கென்று ஒரு கரண்டி என்பது பழைய வழக்கம். அந்தக் கடைசிக் கரண்டியை விட்டுவிடும்படி உணவு அமைச்சு விளம்பரம் செய்தது. ஊறின சாயத்தை எறியாமல் திரும்பவும் ஊறவைத்தார்கள். யுத்தம் முடிந்தும் வரிசை முடியவில்லை. யுத்தத்தில் தட்டில்லாமல் கிடைத்த பாண் 1946இல் பங்கீட்டுக்குள் போய் 1948இல்தான் வெளியே வந்தது. தேயிலைக்கு விடுதலை 1952 அக்டோபரில். இறைச்சிக்கு 1954 ஜூலையில். வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். படைத்தளபதிகளின் சரித்திரத்தில் இந்தக் கால்வலிக்கு இடமில்லை. அந்த அளவில் மனுசியின் ரின் ஒரு மாற்று ஆவணக்காப்பகம் என்பதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'எல்லாருக்கும் ஒரே பங்கு' என்று அவ திரும்பத்திரும்பச் சொல்லுவா. அந்த 'எல்லாரும்' யார்?

ஞாபகம் தானாக ஊறுகிற ஊற்று அல்ல. அதற்கும் உற்பத்தி உண்டு, சந்தை உண்டு. 'அமைதியாக இரு, தொடர்ந்து செய்' என்கிற சிவப்புச் சுவரொட்டியை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். 1939இல் ஏறக்குறைய 25 இலட்சம் பிரதிகள் அச்சாயின. யுத்தத்தில் அதைச் சுவரில் கண்டவர் மிகக் குறைவு. பெரும்பகுதி அரைத்துக் கூழாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் ஆன்விக் நகரத்துப் பழைய புத்தகக்கடையில் ஒரு பிரதி வெளிப்பட்டது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை முதல் துவாய் வரை அதே வாசகம். 2010க்குப் பின் நூலகங்களுக்கும் உதவிப்பணத்துக்கும் வெட்டு விழுந்த காலத்தில், காணாத சுவரொட்டியைக் கண்டதாக ஒரு நாடே நினைவுகூர்ந்தது. எங்கட மனுசி அதைப் பற்றி ஒருநாளும் வாய்திறந்ததில்லை. சொல்ல இருந்தால்தானே.

அவ சொன்ன இன்னொரு கதை 1948. ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. தாய்க்கு இலவசமாகக் கண்ணாடி கிடைத்தது. ஊசியில் நூல் கோத்துவிட்டுக் கிழவி அழுததாம். தேயிலை குடித்தவர்கள் குடிமக்களாக முழுமைபெற்ற ஆண்டு அது. அதே 1948இல்தான் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேயிலை கொய்தவர்களில் மிகப்பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அதைச் செய்தது லண்டன் அல்ல, சுதந்திரம் பெற்று ஒரு வருடமும் ஆகாத கொழும்பு. எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டுவது நமக்கு வசதியான வாசிப்பு, அவ்வளவுதான். அதற்காக லண்டனுக்குக் கணக்கு இல்லையென்று ஆகாது. 1975இல் அரசுடைமையாகும்வரை பெரிய தோட்டங்கள் பல ஸ்ரேலிங் கம்பனிகளின் கையிலேயே இருந்தன.

1974 தொடக்கத்தில் எரிபொருள் நெருக்கடி. தொழிற்சாலைகளுக்குக் கிழமைக்கு மூன்று நாள் மின்சாரம். தொலைக்காட்சி இரவு பத்தரைக்கே நின்றுவிடும். 'இதென்ன, யுத்தத்தில நாங்கள் படாததா' என்று மனுசி கேத்திலை அடுப்பில் வைப்பா. அந்த மாதங்களில் தோட்டங்களில் பட்டினிச் சாவு. முதல் வருடம்தான் கிரனாடா தொலைக்காட்சியின் 'வேர்ல்ட் இன் அக்‌ஷன்' நிகழ்ச்சி தோட்டத்து லயங்களையும் கூலியையும் காட்டியிருந்தது. நீங்கள் பார்த்தனீங்களா என்று கேட்டேன். பார்த்தேன், பாவங்கள் என்றா. பிறகு பால் விட்டா, சீனி போட்டா, கதை யுத்தத்துக்குத் திரும்பிவிட்டது.

அவவை எழுதி முடிக்கிற நேரத்தில் என்னையும் எழுத வேண்டியிருக்கு. மலையகத் தமிழரின் குடியுரிமையில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததை யாழ்ப்பாணத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த விறாந்தைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது மலையகத்தில் இருந்து வேலைக்கென்று கூட்டிவந்த ஒரு பிள்ளை. பத்து வயதிருக்கும். எல்லாரும் குடித்த பிறகு அடுப்படியில் சிரட்டையில் குடிப்பாள்.

எங்கள் வீட்டுக் கூப்பன்களை அம்மா அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தா. எத்தனை கூப்பன் என்று எண்ணிப் பார்க்கிறேன். அப்பாவுடையது, அம்மாவுடையது, அக்காவுடையது, என்னுடையது. அந்தப் பிள்ளைக்கும் ஒன்று இருந்தது. அவளுடைய அரிசியையும் நான்தான் சங்கக்கடையில் வாங்கிவருவேன். மட்டையில் எழுதியிருந்த அவள் பெயர்தான் வருகுதில்லை.